மார்லிஸ் கோடு

1

2016 ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி காலை பத்தே காலுக்கு டுவேன் முதல் பாம்பு முட்டையைக் கீறினான். அதற்கு மூன்று வாரம் முன்பே, விச்சிட்டா பாம்புச் சந்தையிலிருந்து திரும்பும்போது என் காரில், அவன் மனைவி மார்லிஸ் இந்தக் கதையை என்னிடம் சொல்லிவிட்டாள். யாரிடமும் சொல்லாதே என்றாள். சொல்லவில்லை. எழுதுகிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பாம்புகளுக்குப் பெயர் வைக்கும் ஒருவன் சலைனா என்ற ஊரில் இருந்தான்.' அடித்துவிட்டேன். பாம்புகளுக்கு அவன் எண்தான் கொடுத்தான். பெயர், நிறத்துக்கு. பாம்பு செத்துப்போகும், நிறம் குட்டிகளில் திரும்ப வரும். வருகிறது என்று நிரூபித்தவன் பெயர் வைக்கலாம்.

டுவேன் முந்திக்கொண்டான்.

2010இல் ஒரு மலைப்பாம்பு ஆறு முட்டை இட்டது. நாலு அழுகின. ஐந்தாவதில் சாதாரணக் குட்டி. ஆறாவது குட்டிக்கு முதுகில் திட்டுகளே இல்லை. தலையிலிருந்து வால்வரை வெண்ணெய் நிறத்தில் ஒரே கோடு. அடுத்த சந்தையில் அவன் மேசைமேல் பலகை தொங்கியது: 'மார்லிஸ்'.

பக்கத்து மேசைக்காரன் கிப் அதைப் படித்தான். "பேரு வச்சாச்சு. குட்டி எப்பய்யா?"

"ஒளிஞ்சிருக்கிற குணம். ரெண்டாம் தலைமுறையிலதான் வெளிய வரும்."

"ரொம்ப நல்லா ஒளிஞ்சிருக்கு போல."

கோடு போட்ட ஆணைச் சாதாரணப் பெண்ணோடு சேர்த்தான். குட்டிகள் எல்லாம் சாதாரணம். அது எதிர்பார்த்ததுதான். மகள்களை மூன்று வருடம் எலி போட்டு வளர்த்து, தகப்பனோடு சேர்த்தான். (முகம் சுளிக்கும் வாசகருக்கு: இந்தத் தொழிலில் நிரூபணம் என்றால் அதுதான்.) பாதிக்குப் பாதி கோடு வரவேண்டும். போன வருடம் ஏழு முட்டை. ஒன்றிலும் இல்லை.

"இந்தத் தடவையும் வரலைன்னா பலகைய நானே கழட்டிடுறேன்" என்று இந்த ஜூலையில் கிப்பிடம் சொன்னான்.

மார்லிஸ் அப்போது பலகைக்குக் கீழேதான் நின்றிருந்தாள்.

3

காரில் அவள் சொன்னது.

"அந்த ஆறு முட்டைய வச்சிருந்த சூட்டுப் பெட்டியத் துடைச்சேன். சூடு அளக்கிற சென்சார் ஒயர் வெளிய வந்து விழுந்திடுச்சு. நான் கவனிக்கல. அப்ப பெட்டி ஏசி ரூம்ல. ஹீட்டர் வெளிக்குளிர வச்சு, உள்ள குளிருதுன்னு நினைச்சு, பகல் பூரா சூடு ஏத்திருக்கு. சாயந்தரம் பாத்து உள்ள போட்டேன்."

"சொல்லலியா?"

"கத்துவான்னு விட்டுட்டேன்."

"அப்புறமாவது?"

"அப்புறம் எம்பேர வச்சுட்டான்."

நாலு முட்டையைக் கொன்ற சூடு ஒன்றில் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறது. அது குட்டிக்கு இறங்காது.

இந்த இடத்தில் மார்லிஸ் எனக்குப் பிடிபடவில்லை. முதல் பிரதியில் அவளைக் கொடுமைக்காரி ஆக்கினேன். இரண்டாவதில் பயந்தாங்கொள்ளி. இரண்டும் நிற்கவில்லை. ஆறு வருடம் ஒவ்வொரு சந்தையிலும், கேட்டவர்களிடமெல்லாம் "ஆமா, அந்த மார்லிஸ் நாந்தான்" என்றாள். அப்போது அவள் முகத்தில் இருந்ததை எழுத வேண்டுமென்றால் நான்

(விட்டுவிடுகிறேன்.)

4

எட்டு முட்டை. கராஜ் வெக்கையில் அவன் கீறக்கீற மார்லிஸ் துண்டு பிடித்திருந்தாள். ஏழு சாதாரணம்.

ஒரு பிரதியில் எட்டாவதில் கோடு வந்தது. கிப் கைகொடுத்தான். நன்றாகவே எழுதியிருந்தேன். கிழித்தேன். நிரூபிக்காமல் பெயர் வைக்க ஒருவன் போதும்.

இன்னொன்றில் மார்லிஸ் சொல்லிவிடுகிறாள். அவன் கத்தவில்லை. அவள் ஆறு வருடம் பயந்தது அந்தக் கத்தலுக்குத்தான். அதையும் கிழித்தேன்.

மிச்சம், நான் அங்கே நின்று பார்த்தது. எட்டாவது முட்டையும் சாதாரணம். டுவேன் கத்தரியைத் துடைத்தான். மற்ற குட்டிகளைப் பார்க்கவில்லை. சுவரோரப் பெட்டியில் கிடந்த கோட்டுப் பாம்பைப் பார்த்தான். கோபமில்லை. கணக்கு எங்கே தப்பியது என்று தேடுகிறவனின் குரல்.

"அந்த வருஷம் மட்டும் நாம வேற மாதிரி என்ன செஞ்சோம், மார்லி?"