கோளாறும் தூண்டிலும்

தீனதயாளனின் வலைப்பக்கத்துக்குப் பெயர் 'கோளாறும் தூண்டிலும்'. கோளாறு என்றால் கம்ப்யூட்டர் கோளாறு. பிரிண்டர் பேப்பரை மென்று துப்புவது, பில்லில் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வருவது, கீபோர்டுக்குள் டீ ஊற்றியது, பென் டிரைவுக்குள் எறும்பு குடும்பம் நடத்தியது. தூண்டில் என்றால், ஞாயிற்றுக்கிழமை மேட்டூர் தண்ணீர்க் கரையில் உட்கார்ந்து மீன் பிடிக்காமலே அவர் திரும்பி வந்த கதை.

"இந்த வாரமும் தக்கை அசையல. மைதா மாவுல பூண்டு நசுக்கிப் போடச் சொன்னார் ஒருத்தர். போட்டேன். வாசனையில எனக்குத்தான் பசி எடுத்துச்சு" என்று எழுதுவார். கோளாறு தீர்ந்து போனவர்கள்கூட இதற்காக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

மற்ற நாளெல்லாம் அவருக்கு வேலை சேலம் அஸ்தம்பட்டியில், ஏற்காடு ரோட்டை ஒட்டிய ஒரு மாடியில். முட்டைப் பண்ணைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் செய்து விற்கிற சின்ன கம்பெனி. நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் கோழி இட்டதும், லாரி ஏறியதும், கேரளா போய் இறங்கியதும் அதில்தான் பதிவாகும். முதலாளி நந்தகுமார் திருச்செங்கோட்டுக்காரர், தீனதயாளனைவிட வயதில் இளையவர். பெங்களூரில் ஆட்களைக் குறைத்தபோது வேலை போய், நரைத்த தலையோடு ஊர் திரும்பிய தீனதயாளனை, "வயசு கெடக்குதுங்கண்ணா, வந்து உக்காருங்க" என்று கூப்பிட்டு நாற்காலி போட்டவர். அந்த நன்றியை தீனதயாளன் ஒருநாளும் மறந்ததில்லை.

சங்கடம் ஆரம்பித்தது போன வருஷம் விஜயதசமி அன்று.

அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் ஆயுத பூஜை என்றால் கம்ப்யூட்டருக்கும் ஓய்வுதான். ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மேலே செவ்வந்தி மாலையைச் சுற்றி, ஆபீஸ் ரூம் மெயின் சுவிட்சையே இறக்கிவிடுவார்கள். சாமி ஆகிவிட்ட பொருளில் கரண்ட் ஓடக்கூடாது என்று ஒரு எண்ணம். மறுநாள் கற்பூரம் காட்டி, பொரி கடலை கொடுத்த பிறகுதான் சுவிட்சு மேலே ஏறும்.

கம்ப்யூட்டருக்குள் தேதியையும் மணியையும் ஞாபகம் வைத்துக்கொள்ள காசு அளவில் ஒரு பேட்டரி உண்டு. பழைய கம்ப்யூட்டர்களில் அது எப்போதோ செத்திருக்கும். பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை அது செத்தது யாருக்கும் தெரியாது. வருஷத்துக்கு ஒருமுறை, பூஜைக்காக மெயினை இறக்கும்போதுதான் தேதி மறந்து பல வருஷம் பின்னால் போய் நிற்கும். தேதி பின்னால் போனால் கம்பெனியின் சாஃப்ட்வேர் தானாகப் பூட்டிக்கொள்ளும். உரிமம் முடிந்தவர்கள் தேதியைத் திருப்பி வைத்து ஏமாற்றுகிறார்கள் என்று அதற்கு நினைப்பு.

அன்று காலை போன் செய்தவர் சென்னியம்மாள். மோகனூர் ரோட்டில் பண்ணை வைத்திருப்பவர்.

"ஏஞ்சாமி, முறைகேடுன்னு செவப்பு எழுத்துல போட்டிருக்குதே, நான் என்ன முறைகேடு பண்ணிப்போட்டனாம்? எம்பட ஊட்டுக்காரரு போனதுக்கப்பறம் ஒத்தையா நின்னு பண்ணையம் பாக்கறேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு சனம் என்னைய ஒரு சொல்லு சொன்னதில்லீங்க. இந்தப் பொட்டி சொல்லுது. அதுக்குத்தான் நேத்து மாலை போட்டுக் கும்புட்டனா?"

"கோவிச்சுக்காதீங்கம்மா. கீழ வலது மூலையில மணி காட்டுது பாருங்க. அதுல தேதி என்ன போட்டிருக்கு?"

"இருங்க, கண்ணாடியப் போட்டுக்கறேன். ஜனவரி ஒண்ணு. ரெண்டாயிரத்தி ஒம்போது."

அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. லைன் போய்விட்டதோ என்று தீனதயாளன் நினைத்தார். பின்னால் லாரிக்காரன் ஆரன் அடிப்பது மட்டும் கேட்டது.

"அப்ப அவரு இருந்தாருங்க" என்றார் சென்னியம்மாள். உடனே குரலை மாற்றிக்கொண்டு, "செரி, சொல்லுங்க. அவன் வேற ஆரன் அடிச்சே உசுர எடுக்கறான்" என்றார்.

தீனதயாளன் தேதியைச் சரி பண்ணச் சொன்னார். பூட்டு விடவில்லை. சாஃப்ட்வேரின் 'உதவி' பக்கத்தில் கடைசி வரியில் 'தேதி சரிபார்ப்பு' என்று ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் பழைய பில்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு பூட்டு தானே திறந்துகொள்ளும். அது ஆரம்பத்திலிருந்தே அங்கே இருந்தது. ஆனால் வாங்குகிறவர்களுக்குக் கம்பெனி அதைச் சொல்வதில்லை. விஜயதசமி வாரத்தில் பண்ணை பண்ணையாக சர்வீஸ் ஆட்கள் போய் அந்தப் பட்டனை அழுத்திவிட்டு, சர்வீஸ் ஒப்பந்தத்தையும் புதுப்பித்துக்கொண்டு வருவார்கள். அதற்குக் கம்பெனியில் 'அறுவடை' என்றே பெயர்.

சென்னியம்மாள் அழுத்தினார். பில் வந்தது. லாரி கிளம்பியது.

அன்று சாயங்காலம் தீனதயாளன் எழுதினார்:

"பூஜை போட்ட மறுநாள் பில் வரலைன்னா பதறாதீங்க. நீங்க ஒரு தப்பும் பண்ணல. மூலையில இருக்கிற கடிகாரத்தப் பாருங்க. தேதி பழசா இருந்தா சரி பண்ணிட்டு, உதவிக்குள்ள போய் கடைசியில இருக்கிற பட்டன அழுத்துங்க. அப்புறம் வாட்ச் கடையில ஒரு காசு பேட்டரி வாங்கி மாத்திக்குங்க. சந்தனம் வைக்கிறவங்க காத்து போற ஓட்டையில வைக்காதீங்க, அதுக்கும் மூச்சு விடணும்."

அது பண்ணைக்காரர்களின் வாட்ஸ்அப் குழு ஒவ்வொன்றாகத் தாவி நாமக்கல், ராசிபுரம், பரமத்தி எல்லாம் போய் வந்தது. அந்த வாரம் கம்பெனியில் சர்வீஸ் போன் அடிக்கவே இல்லை. யார் எழுதியது என்று அப்போது யாரும் கேட்கவும் இல்லை.

இந்த வருஷம் கேட்டார்கள். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம், நந்தகுமார் தன் அறைக்கு அவரைக் கூப்பிட்டார். மேசையில் போன் மல்லாந்து கிடந்தது. அதில் 'கோளாறும் தூண்டிலும்' திறந்திருந்தது.

"நீங்கதானுங்களா இது?"

"நான்தான். மேலயே பேர் போட்டிருக்கேனே."

"மீன் கதையெல்லாம் நல்லாருக்குதுங்கண்ணா. எங்கூட்ல கூடப் படிச்சுட்டுச் சிரிக்கறா. இது மட்டும் வேண்டாமுங்க. எடுத்துருங்க. அப்பறம், புது அப்டேட்டு திங்கக்கெழமை போகுதுல்ல, அதுல அந்தப் பட்டனையும் எடுத்துருங்க."

"எதுக்கு?"

"எதுக்கா? சர்வீஸ்ல எத்தன பசங்க இருக்கறாங்க? அந்த ஒரு வாரத்த வெச்சுத்தான் அவிய வருசம் ஓடுது. நீங்க ஒரு பதிவப் போட்டு ஊருக்கே தானம் பண்ணிப்போட்டீங்க."

"பட்டன எடுத்துட்டா, பூட்டு?"

"பூட்டு இருக்கட்டுமுங்க."

அந்தப் பையன்களை தீனதயாளனுக்குத் தெரியும். அவர்களோடு டீ குடிக்கிறவர்தான். நந்தகுமார் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் ஜனவரி ஒண்ணு என்று படித்துவிட்டுப் பேசாமல் நின்ற ஒரு குரலும் காதில் இருந்தது.

"பூட்டையும் எடுத்துருவோம் தம்பி. இல்ல, முறைகேடுங்கற வார்த்தையவாவது எடுப்போம். பேட்டரி செத்ததுக்கு அந்தச் சனங்களத் திருடன்னு சொல்றோம். சர்வீஸ் பசங்களுக்கு வேற வேலையா இல்ல? பேக்கப் ஒழுங்கா எடுத்துக் குடுத்தா அதுக்கே ஒப்பந்தம் போடுவாங்க."

"யோசன கேக்கலீங்கண்ணா."

"பட்டன நான் எடுக்க மாட்டேன்."

"உங்க பக்கத்து சீட்டு மலர்விழி எடுப்பா."

"எடுக்கட்டும். அவ பாவம், சின்னப் புள்ள, சொன்னதச் செய்யத்தான் செய்வா. பதிவ நான் எடுக்க மாட்டேன்."

நந்தகுமார் நாற்காலியில் சாய்ந்தார். "பெங்களூர்க்காரன் வெளிய அனுப்புனப்ப யாருங்கண்ணா உக்கார வெச்சது?"

"நீங்கதான். எங்க வேணும்னாலும் சொல்வேன். அதுக்குத்தான் இத்தன வருசம் ஒழுங்கா ஒழைச்சிருக்கேன். அதுக்காகப் பொய்க்கு உக்கார முடியாது."

"அப்பச் செரி. சாயங்காலத்துக்குள்ள அத எடுத்துருங்க. இல்லீன்னா நாளைக்கு வர வேண்டாம்."

தீனதயாளன் தன் இடத்துக்குப் போய், சாப்பாட்டுப் பையை எடுத்தார். கீபோர்டு அவருடைய சொந்தக் காசில் வாங்கியது. அதையும் பிடுங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். வயர் பின்னால் தொங்கியபடி படியில் இழுபட்டது. மலர்விழி எழுந்து நின்று, "அண்ணா, வயரு" என்றாள்.

வீட்டில் மனைவி ஜெயப்பிரியா வாசலிலேயே கீபோர்டைப் பார்த்துவிட்டாள். அவள் குமாரபாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். எதையும் சுற்றிப் பேசத் தெரியாது.

"என்ன, வேலைய விட்டுட்டுப் பொட்டியத் தூக்கிட்டு வந்துட்டீங்களா?"

"விடல. நாளைக்கு வராதன்னுட்டான்."

"எதுக்கு?"

சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தாள்.

"உங்களுக்கென்ன, மகாராசா. புள்ள இன்னும் காலேஜ முடிக்கல. இந்த வயசுல யாரு கூப்புட்டு நாற்காலி போடுவா? மீனு வந்து போடுமா? அதுவும் உங்களக் கண்டா ஓடுது."

"எடுத்துரட்டுமா, அப்ப?"

வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டு அவள் நிமிர்ந்தாள். "நான் எடுக்கச் சொன்னனா? இப்படித்தான், திட்டுனா உடனே எடுத்துரட்டுமான்னு கேப்பீங்க. திட்டுறது வேற, எடுக்கறது வேற. எங்கப்பா தறி ஓட்டுறப்ப, துணி அளவு கொறையுது, நூலத் திருடறாருன்னு ஒரு மொதலாளி சொன்னான். துணிய அளக்கற மீட்டர்ல இருந்துச்சு கோளாறு. அது தெரிஞ்சும் அவன் சொன்ன சொல்லத் திருப்பி வாங்கல. எங்கப்பா சாகுற வரைக்கும் அதச் சொல்லிக்கிட்டு இருந்தாரு. பில்லு போறது போகட்டும், அந்தம்மாவத் திருடின்னு சொல்லுச்சில்ல? அத எழுதுங்க. மொத வரியில எழுதுங்க. நீங்க எப்பப் பாத்தாலும் பேட்டரிய முன்னால வெச்சுட்டு மனுசன பின்னால வெப்பீங்க."

அவர் பழைய பதிவை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு மேலே புதிதாக ஒன்று எழுதினார்.

"போன வருசம் ஒரு அம்மாவ ஒரு கம்ப்யூட்டர் முறைகேடு பண்ணினாங்கன்னு சொல்லுச்சு. அந்தம்மா ஒரு தப்பும் பண்ணல. பேட்டரி செத்துருச்சு, அவ்வளவுதான். அதச் சரி பண்ற வழிய இங்க எழுதியிருந்தேன். எடுக்கச் சொன்னாங்க. எடுக்கல. அந்தப் பட்டன சாஃப்ட்வேர்ல இருந்து எடுக்கச் சொன்னாங்க. அதையும் எடுக்கல. திங்கக்கிழமை வர்ற அப்டேட்ல அது இருக்காது, ஆனா என் கையால எடுத்தது இல்ல. அந்த அப்டேட்ல நல்லதும் இருக்கு, நாலு மாசம் நானும் ஒழைச்சிருக்கேன். இருந்தாலும் பூஜை முடியற வரைக்கும் போட வேண்டாம்னுதான் சொல்வேன். இனிமே நான் அங்க வேலையில இல்ல. இது என் பேர்ல, என் போன் நம்பரோட எழுதறேன். இந்த ஞாயித்துக்கிழமையும் மீன் கிடைக்கல."

கடைசி வரியை எடுக்கச் சொன்னாள் ஜெயப்பிரியா. அதை மட்டும் அவர் கேட்கவில்லை.

விஜயதசமி அன்று அவர் மேட்டூரில் இருந்தார். போக வேலை எதுவும் இல்லாததால் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தண்ணீர் கரை தொட்டுக் கிடந்தது. தூரத்தில் அனல்மின் நிலையத்தின் புகை நேராக மேலே போனது. காற்றே இல்லை. தக்கை கண்ணாடியில் ஒட்டிய பொட்டு மாதிரி நின்றது.

முதலில் சென்னியம்மாள் கூப்பிட்டார்.

"சாமி, இந்த வருசமும் அதே செவப்பு எழுத்துதானுங்க. பேட்டரி மாத்தோணும்னு நெனச்சேன், மறந்துபோட்டேன். பட்டன அமுத்துனேன், பில்லு வந்துருச்சு. அந்தப் புதுசு கிதுசு ஒண்ணும் நான் போடலீங்க. உங்களுக்கு இதுனால வேல போயிருச்சாமா?"

"போயிருச்சுங்கம்மா."

"போச்சாது போங்க, போனாப் போகட்டும். எங்க பண்ணையாளுக அத்தன பேரும் உங்க பதிவத்தான் படிக்கறாங்க. எங்கூட்டுக்கு வாங்க, பேட்டரியும் மாத்தோணும், சோறும் திங்கோணும். ஆமா, என்னைய மொத வரியில எழுதிப்போட்டீங்களாமே?"

"பேர் போடலீங்கம்மா."

"பேரு போட்டிருந்தாத்தான் என்ன? நான் என்ன முறைகேடா பண்ணிப்போட்டேன்?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு வைத்தார்.

அடுத்து வந்தது நந்தகுமார். தீனதயாளன் இரண்டு முறை மணி அடிக்கவிட்டு எடுத்தார்.

"அண்ணா, ஒருத்தரும் அப்டேட்டுப் போட மாட்டீங்கறாங்க."

"பூஜை நேரம், அப்படித்தான் இருக்கும்."

"பூஜையெல்லாமில்லீங்க. நேத்து முப்பது பேருக்குப் போனப் போட்டாச்சு. அத்தன பேரும் ஒரே பாட்டு. தீனதயாளன் பதிவு போடட்டும், அப்பறம் போட்டுக்கறோம்கறாங்க. கம்பெனி என்னுதா, உங்களுதாங்கறதே எனக்குத் தெரியல. நாலு மாச ஒழைப்புங்கண்ணா. உங்களுதும் இருக்குது. ஒரு வார்த்த எழுதிப்போடுங்க, போடச் சொல்லி."

"அந்தப் பட்டன திருப்பி வைங்க. முறைகேடுங்கறத எடுத்துட்டு, 'கடிகாரத்தைச் சரிபார்க்கவும்'னு போடுங்க. வச்சுட்டுச் சொல்லுங்க, அன்னிக்கே எழுதறேன்."

"வேலைக்குத் திரும்பி வாரீங்களா? அதச் சொல்லுங்க மொதல்ல."

"நான் வேலையக் கேக்கல, பட்டனக் கேட்டேன்."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "ரொம்பப் புடிவாதமுங்கண்ணா உங்களுக்கு. செரி, எப்படி வெக்கிறதுன்னு மலர்விழிகிட்டக் கேக்கறேன், அப்படியே லைன்ல இருங்க—"

"இருக்க முடியாது தம்பி. மீன் கடிக்குது. அப்பறம் கூப்புடுங்க."

போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். தக்கை வைத்த இடத்தில் வைத்தபடியே நின்றது. ஒரு சுழி இல்லை, ஒரு குமிழி இல்லை. தீனதயாளன் மாவை எடுத்து இன்னொரு உருண்டை பிடிக்க ஆரம்பித்தார்.