லேத்துப் பட்டறையில் மூன்று சீட்டு

“சோத்துக்கடை வெக்கறதுக்கா நான் லேத்து வாங்கிப் போட்டேன்?”

“ஓடுனாத்தானுங்க அது லேத்து. ஓடாட்டி துணி காயப்போடற கொடி.”

“எந்தத் துணிய புள்ள அதுல காயப்போட்டே?”

“போன வாரம் மழையில உங்க வேட்டியத்தானுங்க போட்டேன். இப்பக் கட்டிட்டு நிக்கறீங்களே, அதுதான்.”

சென்னிமலை குனிந்து தன் வேட்டியைப் பார்த்துக்கொண்டதை என் சமையல்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஒளிந்து பார்த்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜன்னலை அந்தப் பக்கம் வைத்தது கொத்தனார்.

பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் தெருவில் சண்டைக்குப் பஞ்சமில்லை. ஆனால் சென்னிமலை வீட்டுச் சண்டைக்கு ஒரு தனி மரியாதை உண்டு. அவர் சம்சாரம் தெய்வாத்தாள் எவ்வளவு ஆத்திரத்தில் இருந்தாலும் ‘ங்க’ போடாமல் திட்டமாட்டாள். கேட்கிறவர்களுக்கு ஏதோ கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரியே இருக்கும்.

விஷயம் இதுதான். சென்னிமலையின் பட்டறை வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகை. மோட்டார் பம்புக்கு வேண்டிய உதிரிகளை லேத்தில் கடைந்து கொடுப்பார். தொண்ணூற்றாறில் ஆர்டர் சுருங்கிப்போய், வேலையாட்கள் ஒவ்வொருவராக நின்று, கடைசியில் மிஞ்சியது ஜெரோம் ஒருத்தன்தான். அவனுக்கு மத்தியானச் சாப்பாடு தெய்வாத்தாள் போடுவாள். அவன் அதைப் பக்கத்து ஃபவுண்டரிக்காரர்களுடன் பங்கு போட்டுத் தின்றிருக்கிறான். ஒரு நாள் அவர்கள் நாலைந்து பேர் கேட்டுக்கு வெளியே நின்று, “ஏனுங்கக்கா, அந்த அரிசிம்பருப்புச் சோறு எங்களுக்கும் கெடைக்குமுங்களா? காசு குடுத்தர்றோம்” என்று கேட்டார்கள்.

அன்றைக்குப் பிடித்ததுதான் இந்த ஆசை. கல்யாணமான நாளிலிருந்து ஒரே ஆள் தின்று ஒரே ஆள் குறை சொன்ன சமையலை, முதல்முதலாக வெளியாள் ஒருவன் தெருவில் நின்று கேட்டுவிட்டான். மகளையும் கட்டிக்கொடுத்தாயிற்று. தெய்வாத்தாளுக்கு மெஸ் வைக்கிற ஆசை தலைக்கேறிவிட்டது என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். நானும்தான் சொன்னேன். கோயமுத்தூர் போய் இத்தாச்சோடு குண்டா ஒன்றும் வாங்கி வந்துவிட்டாள். அதற்குள் இரண்டு குழந்தைகளை உட்கார வைத்துக் குளிப்பாட்டலாம். ஆனால் கடை போட இடம் அந்தக் கொட்டகைதான். கொட்டகை சென்னிமலையுடையது. அவர் சரி என்றால் மெஸ். இல்லையென்றால் குண்டாவில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

“ஒறம்பரை, சொந்தபந்தத்துக்கு என்ன சொல்லுவேன்? வாரவன் போறவனுக்கெல்லாம் என்ற ஊட்டுப் பொம்பளை இலை எடுக்கறான்னா?”

“அவிங்கவிங்க இலைய அவிங்கவிங்களே எடுத்துக்குவாங்க. உங்களுக்குத்தான் இத்தனை வருசமா எடுத்துட்டு இருக்கறேனுங்க.”

மோருக்கு உறை கேட்கிற சாக்கில் நான் கிண்ணத்தோடு அங்கே போய்ச் சேர்ந்தபோது, தெய்வாத்தாள் கடைசி ஆயுதத்தை எடுத்திருந்தாள்.

“சரிங்க. நீங்களும் நானும் பேசி ஆகறதில்ல. அம்மங்கோயல்ல பூக் கேட்டர்லாம் வாங்க.”

சென்னிமலை தண்ணீருக்குப் போர் போட்டது, மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தது, பால் மாடு மாற்றியது என எல்லாவற்றுக்கும் பூக் கேட்டவர். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் முன்னால் வைத்து, ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. அப்படிப்பட்ட மனிதர் அன்றைக்குத் தொண்டையைச் செருமினார்.

“சோத்துக்கடைக்கெல்லாம் அம்மன தொந்தரவு பண்ணக் கூடாது.”

வெள்ளை வந்து தொலைத்தால் என்ன செய்வது என்கிற பயம் அவர் மூக்கில் வேர்வையாக நின்றது. தெய்வாத்தாளும் அதைப் பார்த்தாள்.

“அப்ப நம்ம பொற்கொடி அம்மணியோட சீட்டுல கேக்கலாமுங்களா?”

“அது வெறும் காயிதந்தானே” என்றார் சென்னிமலை. காகிதம் தன்னை என்ன செய்துவிடும் என்கிற தைரியத்தில், “கேளு, யாரு வேண்டாம்னா” என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

பொற்கொடி எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த பெண். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. ஊட்டியில் ஓட்டல் வேலையில் இருந்த அவள் அண்ணன் தமிழ்வேந்தனிடம் ஒரு வெள்ளைக்கார அம்மாள் கொடுத்துவிட்டுப் போன டாரட் சீட்டுக்கட்டு அவளிடம் இருந்தது. கூடவே ஓர் இங்கிலீஷ் புத்தகம். அதைப் படித்துத் தானே கற்றுக்கொண்டாள். மூன்றே சீட்டுதான் எடுப்பாள். முதல் சீட்டு இப்போதிருக்கிற நிலைமை. இரண்டாவது குறுக்கே நிற்பது. மூன்றாவது செய்ய வேண்டியது. கேபிள் கனெக்‌ஷன் வாங்கலாமா, மாமியாரை எத்தனை நாள் இருக்கச் சொல்லலாம் என்றெல்லாம் எங்கள் தெரு அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொருவரிடமும் அவள் சொல்வது ஒன்றுதான்.

“இது சோசியமில்லீங்க. நடக்குமா நடக்காதான்னு கேக்கக் கூடாது. என்ன பண்ணலாம்னு கேக்கோணும். படத்தப் பாத்தா உங்க மனசுல என்ன தோணுதோ, அதுதான் பாதிப் பதிலு.”

யாரும் இதைக் காதில் வாங்கியதில்லை. எல்லோரும் நடக்குமா என்றே கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பட்டறையிலேயே வைத்துக்கொண்டார்கள். லீவு நாளில் ஜெரோமுக்கு அங்கே என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. பொற்கொடி வருகிறாள் என்றால் அவனுக்கு எப்படியோ வேலை வந்துவிடும். சாமான் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, மேலிருந்த கிரீஸை அவனே துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான்.

“போதுமுங்க. இனி பெட்டி தேஞ்சுபோயிரும்” என்றாள் பொற்கொடி.

தெய்வாத்தாள் கையைக் கழுவிக்கொண்டு வந்து சீட்டைக் கலைத்தாள். சென்னிமலை லேத்தில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“என்ன கேக்கறீங்கக்கா?”

“மெஸ் வெக்கறதப் பத்தி நாங்க என்ன பண்ணோணும்னு கேக்கறேன், கண்ணு.” தெருவிலேயே ஒழுங்காகக் கேள்வி கேட்டது அவள் ஒருத்திதான்.

தெய்வாத்தாள் முதல் சீட்டைத் திருப்பினாள். பெஞ்சில் உட்கார்ந்து ஒருவன் சுத்தியலும் உளியுமாக வட்டத் தகடு ஒன்றைக் கொத்திக்கொண்டிருந்தான்.

“ஃபிட்டருங்க, முதலாளி” என்றான் ஜெரோம். “வைஸ்ல புடிக்காம எப்படி வேலை பாக்கறான்னுதான் தெரியல.”

“இது இப்போதைய நிலைமை. கைத்தொழிலு, உழைப்பு” என்றாள் பொற்கொடி.

தெய்வாத்தாள் குனிந்து பார்த்தாள். “உழைப்பெல்லாம் சரி. செஞ்சத அத்தனையும் பக்கத்துலயே மாட்டி வெச்சிருக்கறானே. எவனும் வாங்கலைங்களாட்ட இருக்குது.”

சென்னிமலை பின்னாலிருந்த ரேக்கைத் திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார். அதில் அவர் கடைந்த பம்பு புஷ்ஷுகள் வரிசையாகத் தூசி பிடித்துக் கிடந்தன.

இரண்டாவது சீட்டு, குறுக்கே நிற்பது. ஒரு மரத்தடியில் ஒருவன் சம்மணம் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உம்மென்று உட்கார்ந்திருந்தான். மேகத்திலிருந்து ஒரு கை அவனுக்குக் கிண்ணம் ஒன்றை நீட்டுகிறது. அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

எல்லோரும் படத்தைப் பார்த்துவிட்டுச் சென்னிமலையைப் பார்த்தோம். அவர் கட்டியிருந்த கையை மெதுவாக அவிழ்த்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் லேத்துக் கைப்பிடியில் வைத்தார்.

“டம்ளர நீட்டுனாக்கூட வாங்காத மனுசன் இருக்கறாரு பாருங்க்கா” என்று தெய்வாத்தாள் என்னிடம் சொன்னாள்.

நான் சிரிக்கவில்லை. இருமினேன்.

“மூணாவத எடு, எடு” என்றார் சென்னிமலை. “மழை வாராப்பல இருக்குது.”

வெளியே வெயில் தகரத்தை உருக்கிக்கொண்டிருந்தது. தெய்வாத்தாள் மூன்றாவது சீட்டைத் திருப்பினாள்.

எலும்புக்கூடு. கறுப்புக் கவசம் போட்டு, குதிரை மேல் ஏறி, கையில் ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு வருகிறது. குதிரையின் காலடியில் ஒரு ராஜா மல்லாந்து கிடக்கிறான். அடியில் எழுதியிருந்ததைப் படிக்க இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஜெரோம் சிலுவை போட்டுக்கொண்டான். தெய்வாத்தாள் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. அவளுடைய முகத்தில் அதுவரை இருந்த கேலியெல்லாம் யாரோ துணியால் துடைத்த மாதிரி போய்விட்டது. அவள் பார்த்தது எலும்புக்கூட்டை அல்ல, கீழே கிடந்த ராஜாவை.

“அக்கா, பயப்படாதீங்க” என்றாள் பொற்கொடி அவசரமாக. “இது சாவுன்னு அர்த்தமில்ல. பழசு ஒண்ணு முடியுது, புதுசு ஒண்ணு ஆரம்பிக்குதுன்னுதான் புஸ்தகத்துல போட்டிருக்குது. நெசமாலுமே நல்ல சீட்டுங்க இது.”

“எடுத்து வெச்சுரு, கண்ணு.”

“அக்கா, படத்துல பின்னால சூரியன் இருக்குதுங்க பாருங்க...”

“வேண்டாம் சாமி. எனக்கு மெஸ்ஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இந்த மனுசனுக்கு ஒண்ணுன்னா நான் கடை வெச்சு யாருக்குப் போட?” அவள் எழுந்துவிட்டாள். “குண்டாவ உங்க ஊட்டு விசேசத்துக்கு எடுத்துக்கோங்க்கா” என்று என்னிடம் வேறு சொன்னாள். மாசக்கணக்கில் சண்டை போட்டு வாங்க முயன்றதை, ஒரு காகிதத்தைப் பார்த்து ஒரு நிமிஷத்தில் விட்டுக்கொடுத்துவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

சென்னிமலைக்கு இது வெற்றி. அவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவர் சீட்டைப் பார்க்கவில்லை. போகிற சம்சாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னிடம் ஒரு ‘ங்க’ கூடச் சொல்லாமல் அவள் போனது அவருக்கு ஏதோ போலிருந்திருக்க வேண்டும்.

பிறகு சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். சீட்டை வாங்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார். மேலிருந்து கீழாகப் பார்த்தார். திருப்பிப் பிடித்தார். மறுபடியும் பார்த்தார். கடைந்த சாமானில் குறை தேடுகிற ஆள், அன்றைக்கு நிறை தேடுகிற மாதிரி இருந்தது.

“ஏம்புள்ள, சித்தெ இங்க வா.”

தெய்வாத்தாள் படியிலேயே நின்றாள்.

“இவன் கையில இருக்கற கொடியில என்ன போட்டிருக்குது பாரு.”

அவள் வந்து, எலும்புக்கூட்டைப் பார்க்காமல் கொடியை மட்டும் பார்த்தாள். “பூவுங்க.”

“என்ன நெறம்?”

“...வெள்ளைங்க.”

“அப்புறமென்ன” என்றார் சென்னிமலை. “வெள்ளைப் பூ வந்துருச்சு. உத்தரவு ஆயிருச்சு.”

பொற்கொடிக்குப் பொறுக்கவில்லை. “இல்லீங்கண்ணா, இது பூக் கேக்கறதாட்ட இல்லீங்க. இதுல ஆமா இல்லைன்னு...”

“அம்மணி, நீ சும்மா இரு. பூக் குடுத்த பொறவு மறுக்கா வாயத் தெறக்கக் கூடாது. எந்த ஊருச் சாமியா இருந்தாலும் சட்டம் ஒண்ணுதான்.”

“குதிரையும் வெள்ளைதானுங்க, முதலாளி” என்று ஜெரோம் எடுத்துக் கொடுத்தான்.

“பாத்தியா? ஒண்ணுக்கு ரெண்டா இருக்குது.”

தெய்வாத்தாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். “உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?”

“எனக்கென்ன ஆகும்? தெனமும் அந்தக் கூட்டத்துல எடம் புடிச்சு உக்காந்து சோறு திங்கோணும். அதுதான் கேடு.”

அவர் நிஜமாகவே பூவை நம்பினாரா, அல்லது சம்சாரத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு பூவைத் தேடிக் கண்டுபிடித்தாரா? இதை நான் அவரிடமே இரண்டு முறை கேட்டுவிட்டேன். இரண்டு முறையும், “உறைமோர் வேணுமுங்களா?” என்று கேட்டார்.

ஆவணியில் கடை திறந்தார்கள். லேத்து ஓரத்துக்குப் போயிற்று. மிச்ச இடத்தில் நீள பெஞ்சுகள் வந்தன. பெயர்ப்பலகை வைப்பதற்குள் ஃபவுண்டரிக்காரர்களே ‘லேத்து மெஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அரிசிம்பருப்பு, கொள்ளு ரசம், பச்சைப்பயறுக் கடைசல் எல்லாம் ஒரு மணிக்குள் காலியாகிவிடும். முதலில் சென்னிமலை முதுகைக் காட்டிக்கொண்டு மூலையில் லேத்து ஓட்டினார். அப்புறம் தண்ணீர் வைத்தார். அப்புறம், “ரசம் ஊத்தட்டுங்களா?” என்று கேட்க ஆரம்பித்தார். கிணத்துக்கடவிலிருந்து வந்த ஒறம்பரை ஒருவர், பெஞ்சில் யார் யாரோ உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் தனக்கு வீட்டுக்குள் இலை போடச் சொன்னார். “சோறு இங்கதானுங்க இருக்குது” என்று தெய்வாத்தாள் சொல்வதற்கு முன்னாலேயே சென்னிமலை அவரைத் தோளைப் பிடித்து ஜெரோம் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார். அந்த மனிதர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு தரம் சோறு வாங்கினார்.

பொற்கொடி பாடுதான் திண்டாட்டமாகிவிட்டது. சென்னிமலை எதற்கெடுத்தாலும் சீட்டுக் கேட்டு வந்து, படத்தில் பூ எங்கே என்று தேடுவார். ஒரு முறை ஒரே சீட்டில் ரோஜாவும் வெள்ளை லில்லியும் சேர்ந்து வந்துவிட்டது. “சிவப்பும் இருக்குது, வெள்ளையும் இருக்குது. இந்தச் சாமி என்னதான் சொல்லுது?” என்று எங்கள் மாடிப்படியிலேயே அரைநாள் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த தையில் பொற்கொடிக்கும் ஜெரோமுக்கும் கல்யாணம். ரிஜிஸ்டர் ஆபீசில் ஒரு தரம், மாதா கோவிலில் ஒரு தரம். விருந்து லேத்து மெஸ்ஸில். தமிழ்வேந்தன் ஊட்டியிலிருந்து கேரட்டு மூட்டையோடு வந்திறங்கினான். “உனக்கு நீயே சீட்டு எடுத்துப் பாத்தியா?” என்று நான் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டேன். “தெரிஞ்சதுக்கெல்லாம் எதுக்குங்க்கா சீட்டு” என்றாள். பிறகு அவளுக்குக் கொடுமுடிக்கு மாற்றல் வந்தது. ஜெரோம் அங்கேயே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சொந்தமாக ஒரு சின்ன லேத்துப் போட்டுவிட்டான். எங்கள் மாடிக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து நசுருதீன் என்கிற ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்காரர் புதுச் சம்சாரத்தோடு குடிவந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு பேருமாக மெஸ்ஸில் சாப்பிடுகிறார்கள். அந்தப் பெண்ணுக்குச் சமையல் வராது என்று தெருவில் பேச்சு.