இவரும் டாக்டர்தான்

மாமனார் வீட்டுக்கு யாராவது புதிதாக வந்தால், மாமியார் தன் இரண்டு மருமகன்களையும் அறிமுகம் செய்துவைப்பாள். மூத்தவரைக் காட்டி, "இவர் இதய டாக்டர். நாலு மாடி ஆஸ்பத்திரி" என்பாள். அப்புறம் இளையவரைக் காட்டி, "இவரும் டாக்டர்தான்" என்பாள். அந்த 'உம்'முக்கும் 'தான்'னுக்கும் நடுவில் பதினாறு வருஷமாக அடைபட்டுக் கிடந்தார் ஜெயில் டாக்டர். அவர் பார்க்கும் கைதிகளில் கொலை செய்தவர்களுக்குக்கூட நன்னடத்தைக்காகத் தண்டனையில் கழிவு உண்டு. இவருக்கு அதுவும் இல்லை.

சகலையும் தன் பங்குக்குச் சும்மா இருந்ததில்லை. சாப்பாட்டு மேஜையில் நாலு பேர் முன்னால், "என்ன சகலை, பேஷண்ட் யாரும் ஓடிப்போகலையே?" என்று கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். மனைவி மட்டும் சிரிப்பை அடக்கிக்கொள்வாள். அது சிரிப்பதைவிட மோசம்.

ஆனால் ஜெயில் டாக்டருக்கும் ஒரு ராஜ்ஜியம் இருந்தது. காலை எட்டு மணிக்கு மருந்தறை வாசலில் தொண்ணூறு பேர் வரிசையாகக் குந்தியிருப்பார்கள். சொறி, பல்வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமில்லை. சிலருக்கு ஒன்றுமே இருக்காது. நம்பரை விட்டுவிட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஓர் ஆள் வேண்டுமென்று வருவார்கள். நிஜ வலியையும் ஜோடனை வலியையும் படி ஏறும் நடையிலேயே பிரித்துவிடுவார் டாக்டர். வரிசையை ஒழுங்கு பண்ணுவது பூட்டின் வேலை. பூட்டு என்பது, கண்டவர் வீட்டையெல்லாம் சாவியில்லாமல் திறந்த ஒரு பழைய கைதியின் பட்டப்பெயர். "சார் கை பட்டாலே பாதி நோய் போயிரும்" என்று அவன் புதிதாக வருகிறவர்களிடம் சொல்வது டாக்டர் காதில் விழும். விழும்படிதான் சொல்வான். இந்த வரிசைக்காகவே டாக்டர் ஒரு தடவைகூட மாற்றல் கேட்கவில்லை. வீட்டில் அதற்கு 'சேவை' என்று பெயர் வைத்திருந்தார்.

அப்படியிருக்கும்போது ஒருநாள் சகலையே உள்ளே வந்து சேர்ந்தார், கைதியாக.

நடந்தது இதுதான். வழக்கில் தேடப்பட்ட ஒரு பெரும் தொழிலதிபருக்கு இதயம் படுமோசம், அசையவே கூடாது என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்து, மூன்று மாதம் தன் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்திருந்தார் சகலை. அசையக்கூடாத அந்த இதயம் மொட்டைமாடியில் பூப்பந்து ஆடுவதை யாரோ படம் பிடித்துவிட்டார்கள். சான்றிதழ் வாங்கியவரை ஒரு ஜெயிலுக்கும் கொடுத்தவரை இன்னொரு ஜெயிலுக்கும் அனுப்பிவைத்தார் நீதிபதி. அக்காவை நினைத்து மனைவி அழுதுகொண்டிருந்தாள். டாக்டர் அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, இருப்பதில் நல்ல சட்டையாக எடுத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் அன்றைக்கே தலை முதல் கால்வரை பரிசோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. சகலை நாற்காலியை இழுத்தார். கைதிக்கு நாற்காலி கிடையாது என்றார் வார்டர். டாக்டர் அதை மறுக்கவில்லை. சகலை நின்றபடியே குரலைத் தாழ்த்தினார்.

"இடது பக்கம் நெஞ்சு பிடிக்குது சகலை. வெளி ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துருங்க. ஏசி ரூம் இருந்தாப் போதும்."

ஜோடனை என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. பிறகு எதற்கு மற்றதையெல்லாம் பார்ப்பது? வார்டர் எடை பார்த்துச் சொன்னதோடு சரி. டாக்டர் நெஞ்சில் குழாய் வைக்கவில்லை, முதுகைத் தட்டிப் பார்க்கவில்லை. 'இதயம் சீர். நுரையீரல் தெளிவு. உடல்நலம் நன்று' என்று எழுதி, கல்யாணப் பத்திரிகை எழுத்து மாதிரி ஒரு கையெழுத்துப் போட்டார். சகலை லேசாக இருமிக்கொண்டே தன் பிளாக்குக்குப் போனார்.

ஒரு வாரம் டாக்டருக்கு வீட்டில் இரண்டு மடங்கு பசித்தது. இரண்டாவது வாரம் வரிசையில் அறுபது பேர். மூன்றாவது வாரம் இருபத்திரண்டு. என்ன விஷயம் என்று பூட்டைத் துருவியதில், எல்லோரும் இப்போது 'பெரிய டாக்டரிடம்' காட்டிக்கொள்கிறார்கள் என்று தெரிந்தது. பிளாக் வராந்தாவில் சகலை உட்கார்ந்திருக்கிறார். கையில் குழாய் இல்லாததால் ஒவ்வொருவன் நெஞ்சிலும் காதை வைத்தே கேட்கிறார். சிங்கத்தின் இதயம் என்கிறார். எல்லோருக்கும் சிங்கம்தான். மருந்து ஒன்றும் கிடையாது. போகிறவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகிறான். கண்காணிப்பாளரே தன் மாமியாரின் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கொடுத்தனுப்பியிருக்கிறாராம்.

பெரிய டாக்டர் என்று ஒருவர் இருந்தால் மற்றவர் யார் என்று கணக்குப் போட ஜெயில் டாக்டருக்கு அதிக நேரம் ஆகவில்லை. வயிறு எரிந்தது. எது எரிகிறது என்று தெரிந்தும் அசிடிட்டி மாத்திரை போட்டுக்கொண்டார்.

ஆளை வெளியே அனுப்பிவிடுவதுதான் ஒரே வழி. சகலையைக் கூப்பிட்டு, அன்றைக்குச் சொன்ன நெஞ்சுவலிக்காக வெளி ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவதாகச் சொன்னார். இந்த முறை நாற்காலியும் போட்டார்.

"எனக்கென்ன சகலை, கல்லு மாதிரி இருக்கேன்" என்றார் சகலை. "வெளில இருபது வருஷமா ரிப்போர்ட்டைத்தான் பாத்துட்டிருந்தேன். இங்கதான் மனுஷனைத் தொட்டுப் பாக்கறேன்."

அது, மாமியார் வீட்டில் சொல்வதற்கென்று ஜெயில் டாக்டர் பல வருஷமாகச் சேமித்துவைத்திருந்த வாக்கியம். அதையும் எடுத்துக்கொண்டாயிற்று.

ஏதாவது ஒரு நோய் கிடைக்காதா என்று அவர் அன்று தேடிய மாதிரி வாழ்நாளில் எவரிடமும் தேடியதில்லை. எடை மிஷினில் ஏற்றினார். மூன்று வாரத்தில் நாலு கிலோ குறைந்திருந்தது. ஜெயில் சாப்பாட்டில் தொப்பை கரைந்துவிட்டதாகச் சகலைக்குப் பெருமை. சாயங்காலக் காய்ச்சலைக் கொசுவின் மேலும், இருமலைத் தூசியின் மேலும் போட்டார். டாக்டர் முதுகில் குழாயை வைத்தார். இடது பக்கம், மேலே, நொறுநொறுவென்று ஒரு சத்தம். பதினாறு வருஷமாக அவர் காதுக்குப் பழகிய சத்தம் அது. சளியைப் பரிசோதனைக்கு அனுப்பினார். மறுநாள் பதில் வந்தது: காசநோய்.

"எனக்கா?" என்றார் சகலை. "அது உங்க ஆளுங்களுக்கு வர்றதாச்சே."

டாக்டருக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். இரக்கம் கொஞ்சம் பின்னால் வந்தது. அதற்கும் பின்னால், மெதுவாக, அந்தப் பதிவேட்டுப் பக்கம் வந்து நின்றது. நுரையீரல் தெளிவு. அன்றைக்கே குழாயை வைத்திருந்தால் இந்த மனிதர் மூன்று வாரம் இருமிக்கொண்டே இருநூறு நெஞ்சில் காது வைத்திருக்க மாட்டார்.

சகலையைத் தனி அறையில் வைத்து மருந்தை ஆரம்பித்தார்கள். அவரிடம் காட்டிக்கொண்ட அத்தனை பேரும் சளி கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போனது. மறுநாள் காலை மருந்தறை வாசலில் வரிசை சமையற்கூடம்வரை நீண்டது. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் சளி பிடிக்கும் டப்பாவை ஒருவனும் கையில் வாங்கவில்லை. எல்லோர் சார்பிலும் பூட்டு எழுந்தான்.

"பெரிய டாக்டர் தன் நோயைத் தானே கண்டுபிடிச்சுட்டாராம் சார். அவர் வந்து சொல்லட்டும், துப்பறோம்."

"கண்டுபிடிச்சது நான்" என்று சொல்லிவிட்டார் டாக்டர். சொன்ன பிறகுதான், சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

பூட்டின் குரலில் கிண்டல் இல்லை. "அவர் வந்து மூணு வாரம் ஆச்சே. வந்த அன்னிக்கே நீங்கதானே சார் பாத்தீங்க?"

வார்டர் சுவரில் எதையோ படிக்க ஆரம்பித்தார். ஆரம்பத்தில் நோய் பிடிபடாது, கிருமி ஒளிந்திருக்கும் என்று சொல்ல டாக்டரிடம் ஒரு டஜன் கௌரவமான பதில்கள் இருந்தன. எல்லாமே புத்தகத்தில் உள்ளவை. எதிரே இருநூறு பேர் குந்தியபடி இருமாமல் காத்திருந்தார்கள்.

"பாக்கலை" என்றார். "பாத்த மாதிரி எழுதிட்டேன்."

பூட்டு கொஞ்ச நேரம் யோசித்தான். "அதுக்குத்தானே சார் அவரையே உள்ள போட்டிருக்காங்க?"

பூட்டு பல கோர்ட்டுகள் ஏறி இறங்கியவன். அங்கே எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறான். வக்கீல் இல்லாமல், அடியும் விழாமல், ஒருவர் ஒப்புக்கொண்டதை இன்றுதான் பார்த்தான்.

"சரி, டப்பாவைக் குடுங்க" என்று கையை நீட்டினான். வாங்கிக்கொண்டு சுவரோரமாகப் போய், அடிவயிற்றிலிருந்து இருமினான். அவன் பின்னால் அடுத்தவன் எழுந்தான். வரிசை நகர ஆரம்பித்தது.

அப்போது தனி அறை ஜன்னலில், முகக்கவசத்தோடு சகலை வந்து நின்று கையை ஆட்டினார். வரிசையில் பாதிப் பேர் திரும்பிக் கையை ஆட்டினார்கள். ஜெயில் டாக்டர் பார்க்காத மாதிரி அடுத்த டப்பாவில் பெயரை எழுதினார்.