கோட்டாறு வாய் மூடிய நாள்

"கோட்டாறு கம்போளம் ஒருநாள் முழுசா மூணு நிமிஷம் வாயை மூடிட்டு நின்னுது, தெரியுமா மக்கா?" என்றார் ரசலையன்.

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். இப்போது சனிக்கிழமை காலைகளில் வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலின் இந்தப் பழைய கடைத்தெருவைச் சுற்றிக்காட்டுகிறார். அவர் வாய்க்குள் போன எறும்பு யானையாகத்தான் வெளியே வரும். சற்றுமுன்தான், கொட்டிக் கிடந்த மிளகில் சறுக்கிய ராஜாவின் குதிரை பல மைல் தள்ளிக் குழித்துறையில் போய்த்தான் நின்றது என்று சொல்லியிருந்தார். எல்லோரும் சந்தோஷமாக நம்பினார்கள்.

ஒருத்தன் மட்டும் நம்பவில்லை. "சும்மா இரியும் அண்ணாச்சி. கோட்டாறாவது, வாயை மூடுறதாவது! உறக்கத்துலகூட சத்தம் போடுத இடமாக்கும்."

பிரதீஷுக்குத் தெரியாதா? பிறந்ததே இரண்டு தெரு தள்ளித்தான். அதை யாரிடமும் சொல்லவில்லை. சவுதியில் வேலை பார்க்கும் தம்மாமிலிருந்து வந்து மூன்று நாளாக லாட்ஜில் தங்கியிருக்கிறான். அக்கா ஆதிராவின் வீடு கூப்பிடு தூரம். ஆனால் அவளோடு மூன்று வருஷமாகப் பேச்சில்லை. இந்தத் தெருவில் தனியாக நடக்கத் தெம்பில்லாமல், தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியூர்க்காரனைப்போல் கூட்டத்தில் சேர்ந்திருந்தான்.

அம்மை இறந்தபோது கம்பெனி லீவு தரவில்லை. "முச்சந்தி வரைக்கும் நான் நடக்கேன், நீ காதாலயாவது கூட வா மக்கா" என்று ஆதிரா போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். சங்கு, அழுகை, லாரி ஆரன் எல்லாம் கேட்டுக்கொண்டே வந்தது. திடீரென்று ஒன்றுமில்லை. போன் கட்டாகவில்லை, திரையில் நொடி ஓடியது. கோட்டாற்றுக்கு நடுவில் அப்படியோர் அமைதி எப்படி வரும்? போனை ஏதோ வீட்டுக்குள் போட்டுவிட்டுப் போய்விட்டாள், அம்மையின் கடைசி வழியில் என்னைப் பாதியில் விட்டுவிட்டாள் என்று அவன் முடிவுகட்டினான். "கையிலதான் இருந்துது" என்று ஆதிரா எத்தனை தடவை அழுதும் கேட்கவில்லை.

ரசலையன் முச்சந்தியில் நின்றார்.

"இங்கதான். அழகம்மைன்னு ஒருத்தி வாழைக்குலை ஏலம் விடுவா. அவ 'ஒருதரம்'னு ஒரு குரல் குடுத்தா ஆரல்வாய்மொழியில சுத்திட்டிருக்க காத்தாலையெல்லாம் நின்னு கேக்கும்."

மதுரையிலிருந்து வந்திருந்த டீச்சர் சபிதா கைதட்டிச் சிரித்தாள். அம்மையின் பெயரைக் கேட்டதும் பிரதீஷ் தன் செருப்பையே பார்த்தான்.

"அவ வாயத் தொறக்காம இங்க ஒரு குலை கைமாறாது. முப்பது வருஷப் பழக்கம். அவ செத்த அன்னைக்கு அவளைத் தூக்கிட்டு வந்தவனுவ இந்த இடத்துல கொஞ்சம் இறக்கி வச்சானுவ. நல்ல ஏல நேரம். யாவாரியும் சுமட்டுக்காரனும் அத்தனை பேரும் பழக்கதோஷத்துல அவ மொகத்தைப் பாத்துட்டு நிக்கானுவ. அவதானே தொடங்கணும்? லாரிக்காரன் இஞ்சினை அணைச்சான். ஒருத்தன் மூச்சு விடல்ல."

"கதை," என்றான் பிரதீஷ். "எவனாவது தும்மியாவது இருப்பான்."

"தும்மல்ல. மட்டிப்பழக் குலை வாங்க வந்தவன், நானே நின்னேன். அந்த நாட்டுமருந்துக் கடைக் கடிகாரம் மட்டும் அடிச்சுது. ஒம்பதரை மணிக்கு, பதிமூணு தடவை!"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. "இதுக்கு அந்தக் குதிரையே தேவலை சார்!" என்றாள் சபிதா.

ரசலையனின் முகம் விழுந்துவிட்டது. "மத்ததெல்லாம் பொய்தான் அம்மா. இது சத்தியம்."

பிரதீஷ் சிரிக்கவில்லை. அன்று தம்மாமில், கட்டிலில் உட்கார்ந்து போனைக் காதில் அழுத்தியபடி, பற்றிக்கொள்ள வேறொன்றும் இல்லாததால், எங்கோ கேட்ட மணியடிகளை அவன் ஒவ்வொன்றாக எண்ணினான். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பிறகு இன்னொன்று. அந்த மணிச்சத்தத்தை வைத்துத்தான் போன் வீட்டுக்குள் கிடக்கிறது என்று நினைத்தான். ஆதிராவிடம்கூட அதைச் சொன்னதில்லை.

"அண்ணாச்சி, போனைப் பிடிச்சிட்டு ஒரு பொண்ணு..."

"நின்னா. தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிருந்தா. கை கடுத்திருக்கும் தம்பி. இறக்கவே இல்ல. யாருக்குக் கேக்கணும்னு நின்னாளோ, பாவம்."

பிரதீஷ் தொப்பியைக் கழற்றினான். டீச்சர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சிரிக்காதீங்க டீச்சர்," என்றான். முகத்தைத் துடைக்கவில்லை. "நடந்ததுதான்."