எக்ஸ்ரேயில் விழுந்த வெள்ளை

எஸ்டேட் டாக்டர் ஏகநாதன் எக்ஸ்ரே படத்தை ஒரு கையால் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். மறுகையில் இருந்த வர்க்கி ரொட்டியைக் கடித்துக்கொண்டே, "நுரையீரல் மேல வெள்ளையா இருக்கு. டி.பி." என்றார். அவ்வளவுதான். சளியைச் சோதிக்கவில்லை, படம் பார்க்கத் தெரிந்த யாருக்கும் அனுப்பவில்லை. வர்க்கித் தூள் படத்தின் மேலேயே உதிர்ந்தது.

அந்த ஒரு பார்வைக்காக, தேயிலை பறிக்கும் மல்லிகா நாலு மாதம் மாத்திரை விழுங்கினாள். சோற்றைக் கண்டாலே குமட்டியது. அதையும் பொறுத்துக்கொண்டாள். மூன்று வயது மகளை மாமியார் தன் ஊரான கேத்திக்குத் தூக்கிப் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை. "அந்தச் சீக்கு வந்தா லேசுல போகாது. புள்ளைய உன் ஊட்டுக்கு உட மாட்டேன்" என்று மாமியார் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

ஐந்தாம் மாதம் மறுபடம் எடுக்கக் குன்னூருக்குப் போனாள். அங்கே எக்ஸ்ரே எடுக்கும் ஜெஸிந்தா, "சடையத் தூக்கி உச்சியில முடிஞ்சுக்கோங்க" என்றாள்.

"எதுக்குங்க?"

"முன்னால தொங்கினா படத்துல வெள்ளையா விழும். நோய் மாதிரியே தெரியும்."

மல்லிகாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் படம் எஸ்டேட்டுக்கு வந்த முகாம் வண்டியில் எடுத்தது. கொழுந்து பறித்த கையோடு வரிசையில் நின்றார்கள். முதுகில் கூடை தொங்குவதால் பறிக்கிற பெண்கள் எல்லாருமே சடையை முன்னால் இழுத்து ஸ்வெட்டருக்குள் விட்டுக்கொள்வார்கள். வெளியே எடு என்று அன்று ஒருத்தரும் சொல்லவில்லை.

புதுப் படத்தை எஸ்டேட் டாக்டரிடம் கொண்டுவந்து கொடுத்தாள். அதில் வெள்ளை இல்லை. "பாத்தியா, நம்ம மருந்து எப்படிக் கேட்டிருக்கு" என்று ஏகநாதன் சிரித்தார். அட்டை கடித்த காலைப் பார்த்தாற்போல அவளுக்கு அருவருத்தது. மேஜையில் கிடந்த பழைய படத்தை எடுத்து ஜன்னலில் வைத்தாள்.

"நல்லாப் பாருங்க. வெள்ளை கழுத்து வரைக்கும் பின்னிக்கிட்டுப் போவுது. நோவு சடை பின்னிக்குமுங்களா?"

பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. பிறகு பேனாவை எடுத்து, 'டி.பி. குணமாகிவிட்டது' என்று எழுதி நீட்டினார்.

"டி.பி.யே இல்லைன்னு எழுதுங்க. என் புள்ளை வரணும்."

"அப்படி எழுதினா என் பேரு என்னாகும்? குணமாச்சுல்ல, சந்தோஷமாப் போ."

மல்லிகா அந்தக் காகிதத்தை வர்க்கித் தட்டில் போட்டுவிட்டுப் பழைய படத்தைச் சுருட்டினாள்.

"அது ஆஸ்பத்திரிப் படம். வெச்சுட்டுப் போ."

"இதுல இருக்கறது என் சடைங்க."

கேத்தி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் சடையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள். மாமியாருக்குப் படத்தோடு வைத்துக் காட்ட வேண்டும்.