ஆயிரமாவது கிலோமீட்டர்

பிரகாதோ ஊரின் பழைய மோட்டார் சைக்கிள் கழகத்தில் ஒரு தலைவர், ஒரு துணைத்தலைவர், ஒரு செயலாளர். வெறும் உறுப்பினர் என்று யாரும் கிடையாது. துணைத்தலைவர் இரண்டு வருடத்துக்கு முன் இறந்துவிட்டார். அந்த இடத்துக்குத் தேர்தல் வைக்கக் குறைந்தது மூன்று பேர் கூட வேண்டும் என்று விதி. விதியை எழுதியவர் தலைவர் ஓஸ்மார் கிரார்தி. செயலாளர் நான்.

ஓஸ்மார் நகராட்சியில் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஒற்றை சிலிண்டர் வண்டி அறுபத்தோராம் வருடத்தது. அதன் எஞ்சினைச் சமையலறை மேசையில்தான் பிரித்துக் கட்டுவார். பேரிங்குகள் ஃப்ரீஸரில் கறித்துண்டுகளுக்குப் பக்கத்தில் குளிர்ந்துகொண்டிருக்கும். அவை உட்காரவேண்டிய அலுமினியக் கூடு, கேக் சுடும் அடுப்பில் சூடாகிக்கொண்டிருக்கும். சூட்டில் கூடு விரியும், குளிரில் பேரிங் சுருங்கும், சுத்தியல் படாமல் ஒன்றுக்குள் ஒன்று இறங்கிவிடும். அழகான வேலைதான். ஆனால் அவர் மனைவி நெலிடா ஆறு வருடத்துக்கு முன், அந்த அடுப்பில் சுட்ட எதிலும் ஆயில் வாசம் வருகிறது என்று சொல்லிவிட்டு அசூலில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இருநூற்றைம்பது கிலோமீட்டர்.

"எஞ்சின் ரெடியானதும் அதுலயே வா" என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள்.

புதிதாகக் கட்டிய எஞ்சினை ஆயிரம் கிலோமீட்டர் வரை அடக்கித்தான் ஓட்டவேண்டும். எங்கள் ஊர்ப்பக்கம் வண்டியின் பின்னால் ஓர் அட்டை மாட்டிவிடுவார்கள்: "எஞ்சின் பழகுகிறது". பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்காமல் ஒதுங்கிப் போவான். ஓஸ்மாரின் அட்டை ஆறு வருடமாகக் கழலவில்லை. வேகம் அறுபதுக்கு மேல் போகாமல் ஊரைச் சுற்றிச் சுற்றி வருவார். தொள்ளாயிரம் தாண்டியதும் ஏதோ சத்தம் கேட்கும் அவருக்கு. பிரித்துவிடுவார். கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து. நான்கு முறை பிரித்தாயிற்று. நான்கு முறையும் செயலாளர் என்ற முறையில் நானும் காதை வைத்துக் கேட்டேன். எனக்கு எஞ்சின் சத்தம்தான் கேட்டது.

போன புதன்கிழமை மாத்தே இலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது நெலிடாவிடமிருந்து போன் வந்தது. கையில் கிரீஸ் இருந்ததால் ஓஸ்மார் அதை ஸ்பீக்கரில் போட்டார்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரவியோலி பண்றேன். ஒரு மணிக்கு. நீ வந்தா நான் திரும்பி வர்றதப் பத்திப் பேசலாம். வரலேன்னா திங்கக்கிழமை வக்கீல்கிட்ட போய்க் கையெழுத்துப் போட்டுடுவேன். ஆறு வருஷம் போதும் ஓஸ்மார்."

அவர் குரலைச் சரிசெய்துகொண்டார். நகராட்சிக் குரல். "நெலிடா, இப்ப மீட்டர் தொள்ளாயிரத்து நாப்பது காட்டுது. தொழில்நுட்ப ரீதியா இன்னும் அறுபது கிலோமீட்டர் பாக்கி இருக்கு."

"வர்ற வழியிலேயே முடிஞ்சிடுமே."

இதற்கு அவரிடம் விதி இல்லை. என்னைப் பார்த்தார். நான் மாத்தே குடுவையைப் பார்த்தேன்.

"பஸ்ஸும் இருக்கு" என்றாள் அவள். "எப்பவுமே இருந்துச்சு."

சனிக்கிழமை முடிவெட்டிக்கொண்டார். வண்டியைத் துடைத்த துணியிலேயே ஷூவையும் துடைத்தார். தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி வீட்டின் மாற்றுச் சாவியை என்னிடம் கொடுத்தார். ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கிளம்பினார். முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ட்ராக்டர் அவரை முந்திக்கொண்டு போயிற்று.

எனக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் போக வேறு இடம் கிடையாது. பன்னிரண்டரைக்குச் சாவியை எடுத்துக்கொண்டு போனால், கதவு திறந்திருந்தது. முற்றத்தில் வண்டி நின்றது. அதன் கீழே ஒரு தட்டு. பக்கத்தில் நாற்காலி போட்டு, நல்ல சட்டையில் ஓஸ்மார் உட்கார்ந்திருந்தார்.

"என்ன தலைவரே, வண்டி நின்னுபோச்சா?"

"வண்டி ஏன் நிக்கப்போகுது? சரியா ஒன்பது மணிக்கு ஆயிரம் ஆச்சு. திரும்பிட்டேன்."

"எதுக்கு?"

"ஆயிரத்துல ஆயில் மாத்தணும்ல. புத்தகத்துலயே போட்டிருக்கு."

"வழியில பெட்ரோல் பங்க் இல்லையா?"

"முதல் ஆயில வீட்லதான்யா மாத்தணும். துணியில வடிகட்டி உலோகத்தூள் இருக்கான்னு பாக்கணும். கண்டவன் கையில குடுக்கிற காரியமா இது?"

"பத்து மணிக்கு வந்திருப்பீங்க. அரை மணி நேர வேலை. இப்பதான் எஞ்சின் பழகிடுச்சே, நூறுல போயிருந்தா ஒரு மணிக்கு ரவியோலி முன்னாடி உக்காந்திருக்கலாம்."

"நல்லா வடியணும்" என்றார். "அவசரப்படக் கூடாது."

குனிந்து பார்த்தேன். எவ்வளவு நேரமாக அப்படி என்று தெரியவில்லை, ஒரு சொட்டு விழுந்தது. அடுத்த சொட்டு விழ, நான் ஒரு சிகரெட்டைப் பாதிவரை பிடிக்க வேண்டியிருந்தது.

ஒன்றேகாலுக்குப் போன் அடித்தது. அவர் கைகளை விரித்துக் காட்டினார். கறுப்பாக இருந்தன. "ஆயிலு" என்றார். போனை எடுத்து அவர் காதில் வைக்கப் போனேன். தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். நானே பேசினேன்.

"செல்சோ, நீங்களா? அவர் கிளம்பினாரா இல்லையா?"

"கிளம்பினார்மா."

"இப்ப எங்க இருக்கார்?"

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்லதான்."

"ஏன், எஞ்சினுக்கு என்ன ஆச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். ரிங் உடைஞ்சிடுச்சு, வால்வு வளைஞ்சிடுச்சு என்று எது சொன்னாலும் அவள் நம்பியிருப்பாள். இன்னொரு ஞாயிற்றுக்கிழமையும் கொடுத்திருப்பாளோ என்னவோ. ஆனால் அவர் வேலையை நாலு முறை பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். அதைக் குறைசொல்ல வாய் வரவில்லை.

"ஒண்ணும் ஆகலம்மா. ரொம்ப நல்லா இருக்கு."

அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. ஒரு தட்டுதான். "சரி செல்சோ" என்று வைத்துவிட்டாள்.

ஓஸ்மார் ஆயிலைப் பழைய சட்டைத் துணியில் வடிகட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துளித் தூள் இல்லை.

"எஞ்சின் எப்படி இருக்குன்னு கேட்டாளா?"

"கேட்டாங்க. நல்லா இருக்குன்னேன்."

"என்ன சொன்னா?"

"சரின்னாங்க."

தலையை ஆட்டினார். துணியை மடித்தார். பிறகு விரித்து, வேறு பக்கமாக மடித்தார்.