இருநூற்று முப்பது

எலெக்ட்ரீஷியன் ரெஜிமோன் காயிலை மாற்றிவிட்டான். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

குஞ்சு பொரிக்கும் பெட்டிக்கு அவன் சூடேற்றும் புதுக் காயில் போட்ட நாளிலிருந்துதான் இந்தச் சனியன். பகலெல்லாம் சூடு ஒழுங்காக நிற்கும். விளக்கு வைக்கும் நேரம் வந்தால் முள் கீழே இறங்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் வாத்து முட்டைக்குள் குஞ்சு அசையாமல் கிடக்கிறது. வயிறு எரியுமா எரியாதா?

அந்த ரெஜிமோனுக்குத்தான் என் தங்கை லிசம்மாவைப் பேசி முடித்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும். நல்ல காயிலைச் சுருட்டிக்கொண்டு டூப்ளிகேட்டைச் சொருகுகிற கையிலா என் தங்கையைப் பிடித்துக் கொடுப்பேன்? இப்போதைக்கு வாசிக்க வேண்டாம் என்று பாதிரியார் அச்சனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். லிசம்மாவிடம் மூச்சு விடவில்லை.

அன்று சாயங்காலம் அவனை வரவழைத்தேன்.

"சொல்லுங்க சேச்சி," என்று வந்து நின்றான். முகத்தில் எப்படிப் பால் வடிகிறது பாருங்கள்!

"ஒயரில மீட்டரை மாட்டு. எத்தனை ஆம்பியர்?"

"மூணு."

"இருநூத்தி முப்பதை மூணால பெருக்கு. அறுநூத்தித் தொண்ணூறு வாட். நீ போட்டது ஆயிரம் வாட் காயில். மீதி எங்கடா போச்சு? உன் பாக்கெட்டுக்கா?"

அவன் முகம் சுண்டிப்போனது. நான் விடவில்லை.

"வோல்ட்டை ஆம்பியரால வகுத்தா ரெசிஸ்டன்ஸ். ஆயிரம் வாட் காயிலுக்கு அம்பத்தி மூணு ஓம் வரணும். இங்க எழுபத்தி ஏழு வருது. இது வேற காயில்தானே?"

"சேச்சி," என்று குறுக்கே வந்தாள் லிசம்மா. "இருநூத்தி முப்பதை நீ அளந்து பாத்தியா?"

"அதை வேற அளக்கணுமாக்கும்! பெட்டி பிளேட்டுலயே எழுதியிருக்கே."

எங்கள் குட்டநாட்டில் யாரைக் கேட்டாலும் வோல்ட் என்றால் இருநூற்று முப்பதுதான். அளந்தவன் ஒருவனும் கிடையாது. லிசம்மா மீட்டரைப் பிடுங்கி, அதன் இரண்டு முனைகளையும் பிளக்கில் வைத்தாள்.

நூற்று அறுபது.

"நூத்தி அறுபதை மூணால வகு," என்றாள்.

வகுத்தேன். அம்பத்தி மூணு. காயில் அதேதான். பெருக்கிப் பார்த்தால் நானூற்று எண்பது வாட். பாதிச் சூடுகூட இல்லை, அப்புறம் குஞ்சு எப்படிப் பிழைக்கும்?

வெளியே வயலில் தண்ணீர் இறைக்கும் பெரிய மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. விதைப்பு வருகிறதென்று, காயில் போட்ட அதே வாரம் ஓட ஆரம்பித்தது. அதுவும் சாயங்காலம் ஆனால்தான் ஓடும். ஓட்டுகிறவர் யார்? என்னைக் கட்டிய புண்ணியவான் தங்கச்சன்!

லிசம்மா போனை எடுத்தாள். "சேட்டா, மோட்டாரைக் கொஞ்சம் நிறுத்துங்க. அது இழுக்கிறதுலதான் இங்க வோல்ட் இறங்குது. நாளையிலேர்ந்து வேற லைன்ல மாட்டி இறைங்க."

உறுமல் நின்றது. மீட்டர் இருநூற்று இருபத்தைந்துக்கு ஏறியது, ஆம்பியர் நாலேகாலுக்கு. லிசம்மா மறுபடியும் வகுத்தாள். அதே அம்பத்தி மூணு. பெட்டியின் முள் மெல்ல மேலே நகர்ந்தது.

ரெஜிமோன் மீட்டரின் ஒயர்களைச் சுற்றிப் பைக்குள் போட்டான்.

"ஓலையை நிறுத்தச் சொல்லிட்டீங்கன்னு அச்சன் மத்தியானமே சொன்னாரு, சேச்சி," என்றான். "முட்டை பாழாகுதேன்னுதான் வந்தேன்."

லிசம்மா ஒரு கணம் என்னையே பார்த்தாள். அச்சனின் நம்பரை அழுத்தி, போனை என் காதில் கொண்டுவந்து வைத்தாள்.